கிராம சபையில் கணக்குக் கேட்டு என்ன ஆகப்போகிறது?

கேள்வி: 17 ஆகஸ்ட் 2023

எனக்கு 23 வயது. முதல் தடவையாக ஆகஸ்ட் 15 கிராம சபைக்குப் போனேன். நூறு நாள் வேலை ஆட்களைக் கூட்டி வந்து உட்கார வைத்தார்கள், நோட்டில் கையெழுத்து வாங்கினார்கள், முக்கால் மணி நேரத்தில் முடித்துவிட்டார்கள். என்ன தீர்மானம் என்று யாருக்கும் தெரியவில்லை. நல்ல தலைவர் வந்தால் ஊர் தானாகச் சரியாகும், இல்லாவிட்டால் எத்தனை கேள்வி கேட்டாலும் ஒன்றும் ஆகாது. இளைஞர்கள் இதில் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்பது என் கருத்து. மறுப்பவர்கள் சொல்லுங்கள்.

17 ஆகஸ்ட் 2023, இரவு

மறுக்கிறேன். ஆளைக் கூட்டி வந்தார்கள், கையெழுத்து வாங்கினார்கள், தீர்மானத்தை வாசிக்கவில்லை என்று நீங்கள் பார்த்த மூன்றுக்கும் விதி இருக்கிறது.

கூட்டத்துக்கு ஏழு நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். குறைந்தபட்ச வருகை ஊரின் மக்கள்தொகையைப் பொறுத்தது. 500 பேர் வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100, 10,000 வரை 200, அதற்கு மேல் 300. இந்த எண்ணிக்கைக்காகத்தான் நூறு நாள் வேலை ஆட்களை அழைத்து வருகிறார்கள். அவர்களும் வாக்காளர்கள்தான், வருவதில் தப்பே இல்லை. எண்ணிக்கைக்கு மட்டும் வைத்துக்கொள்வதுதான் தப்பு. மேலிருந்து அனுப்பும் பற்றாளர் ஒருவர் அங்கே உட்கார்ந்திருப்பார். கூட்டம் முறையாக நடப்பதைப் பார்ப்பது அவர் வேலை.

அடுத்த கூட்டத்தில் ஒன்றே ஒன்று கேளுங்கள்: "தீர்மானத்தை வாசிச்சுட்டுக் கையெழுத்து வாங்குங்க." அதற்கே என்ன நடக்கிறது என்று பாருங்கள்.

19 ஆகஸ்ட் 2023

"சும்மா வாசிக்கச் சொன்னால் வாசித்துவிடுவார்களா?" என்று ஒருவர் கேட்டிருக்கிறார். எங்கள் ஊராட்சியில் நடந்ததைச் சொல்கிறேன்.

நான் ஊரில் இ-சேவை மையம் நடத்துகிறேன். முதியோர் ஓய்வூதியம், பட்டா, சாதிச் சான்று என்று ஊரே வந்து போகும் இடம். யாருக்கு எது கிடைக்கவில்லை என்பது ஊராட்சி அலுவலகத்துக்குத் தெரிவதற்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். கிராம சபைக்கு நான் போக ஆரம்பித்ததும் அதனால்தான். ஒரே குறைக்கு எத்தனை பேருக்குத் தனித்தனியாக மனு எழுதுவது?

அங்கே வருகைப் பதிவுக்கும் தீர்மானத்துக்கும் ஒரே நோட்டு. முதலில் கையெழுத்து, மேலே எழுத வேண்டியது பிறகு. மகளிர் குழுவில் இருக்கும் நாலைந்து பேர் ஒரு கூட்டத்தில், "எழுதி வாசிங்க, அப்புறம் போடறோம்" என்று நோட்டைத் திருப்பிக் கொடுத்தார்கள். குழுக் கூட்டத்தில் அவர்கள் எப்போதும் செய்வது இதுதான். குழு நோட்டில் வாசிக்காமல் யாரும் கையெழுத்துப் போடுவதில்லை, அதையே இங்கும் கேட்டார்கள். ஊராட்சிச் செயலர் பற்றாளரைப் பார்த்தார். பற்றாளர், "சரி, எழுதுங்க" என்றார். வெயிலில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, எழுதி முடித்து ஒவ்வொன்றாக வாசித்தார்கள். வாசிக்கும்போதுதான், யாருமே பேசாத ஒரு வேலைக்கு ஒப்புதல் தீர்மானம் உள்ளே இருப்பது தெரிந்தது. எல்லோருக்கும் முன்னால் அதை அடித்தார்கள்.

அந்த ஒரு வரி ஊருக்கு எத்தனை லட்சம் மிச்சம் பண்ணியது என்று கணக்குச் சொல்ல மாட்டேன். வாசிக்கிற வழக்கம் அன்றோடு நிலைத்துவிட்டது, அதைத்தான் பெரிதாக நினைக்கிறேன்.

26 ஆகஸ்ட் 2023

எதைக் கேட்பது, எங்கிருந்து தொடங்குவது என்று பலர் கேட்டிருக்கிறீர்கள்.

ஊராட்சிக்குப் பல நோட்டுகள் உண்டு. எல்லாவற்றையும் ஒரே நாளில் கேட்டால் எதுவும் கிடைக்காது. வங்கிக் கணக்கிலிருந்து தொடங்குங்கள். கணக்கு 1 ஊராட்சிப் பொது நிதி: வீட்டு வரி, மானியம், அன்றாடச் செலவு. கணக்கு 2 மின் கட்டணத்துக்கும் குடிநீர் வாரியக் கட்டணத்துக்கும். கணக்கு 3 திட்டங்களுக்கு. மத்திய நிதிக்குழுவின் பரிந்துரைப்படி வரும் மானியம் தனி. அதில் நடந்த செலவை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊர் பெயரைப் போட்டு யாரும் பார்க்கலாம். 15ஆவது நிதிக்குழு மானியத்தில் பெரும்பங்கு, அதாவது 60 விழுக்காடு, குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் என்று ஒதுக்கப்பட்டது. ஊரில் குழாயில் தண்ணீர் வராதபோது முதலில் பார்க்க வேண்டியது இந்த வரிகளைத்தான்.

கணக்கு 1இல் மூன்று தலைப்புகளைக் கவனியுங்கள்: பிளீச்சிங் பவுடர், தெருவிளக்கு, மோட்டார் பழுது. மூன்றும் அவசரச் செலவு, சிறு சிறு பில், செய்த வேலை பிறகு கண்ணுக்குத் தெரியாது. ரோடு போட்டால் ரோடு இருக்கும். போட்ட பவுடர் மழையில் போய்விடும். எங்கள் ஊர்ப் பையன் ஒருவன் சபையிலேயே, "கணக்குல இருக்கிற பவுடரைப் போட்டிருந்தா நம்ம ஊர்க் காக்காயெல்லாம் கொக்காயிருக்கும்" என்றான். செயலர் உட்பட எல்லோரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் பில் புத்தகம் வந்தது.

3 செப்டம்பர் 2023

தகவல் உரிமைச் சட்டம் பற்றிச் சுருக்கமாக. பத்து ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டிய வெள்ளைத்தாள் போதும். ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் எழுதத் தேவையில்லை. 30 நாளில் பதில், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. தப்பான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டாலும் ஐந்து நாளில் சரியான இடத்துக்கு அவர்களே மாற்ற வேண்டும், 6(3) பிரிவு. நகல் கேட்பதைவிட 2(ஜே) பிரிவில் "ஆவணங்களை நேரில் பார்வையிட வேண்டும்" என்று கேளுங்கள். நாலு பேராகப் போங்கள். ஒருவர் வாசிக்க, ஒருவர் எழுத, இரண்டு பேர் பேசாமல் உட்கார.

தனியாகப் போடாதீர்கள். ஒரே பெயரில் மனு போய்க்கொண்டிருந்தால் ஊரில் அந்த ஒரு வீட்டுக்குத்தான் தொல்லை வரும்.

4 அக்டோபர் 2023

காந்தி ஜெயந்திக் கூட்டம் முடிந்தது. மேலே எழுதியதோடு இதையும் சேர்த்துப் படியுங்கள்.

எங்கள் தலைவர் பதவி பட்டியலினப் பெண்களுக்கு ஒதுக்கப்பட்டது. தலைவி காலனியைச் சேர்ந்தவர். இந்த முறை பையன்கள் நன்றாகத் தயாராகி வந்திருந்தார்கள். ஊர்த் தெருப் பையன்கள்தான் அதிகம். தெருவிளக்கு பில் எங்கே, மோட்டார் பில் எங்கே, தூய்மைக் காவலருக்குச் சம்பளம் ஏன் நிற்கிறது என்று வரிசையாகக் கேட்டார்கள். எல்லாமே சரியான கேள்வி. தலைவி எழுந்து நின்றுகொண்டே பதில் சொன்னார். பக்கத்தில் நாற்காலியில் துணைத் தலைவர் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

காலனிப் பாட்டி ஒருவர் எழுந்தார். "ஏம்பா, இதுக்கு முன்னாடி இருந்த தலைவருங்ககிட்ட இந்த நோட்டைக் காட்டுங்கன்னு ஒருத்தராவது கேட்டிருக்கீங்களா?"

யாரும் பேசவில்லை.

ஊராட்சிச் சட்டத்தின் 188ஆவது பிரிவுப்படி காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். இப்போது கணினி வழிப் பணம் அனுப்பினாலும் இரண்டு பேர் ஒப்புதலும் வேண்டும். தலைவர் பதவிக்கு இட ஒதுக்கீடு உண்டு. துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தங்களுக்குள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. தலைவர் ஒடுக்கப்பட்டவராக இருக்கும் ஊரில் துணைத் தலைவர் எந்தத் தெருக்காரர் என்று பாருங்கள். பெட்டிச் சாவி அங்கே இருக்கும்.

எங்கள் ஊரில் தூய்மைக் காவலர் சம்பளமும் மோட்டார் மெக்கானிக் பில்லும் அந்த இரண்டாம் கையெழுத்துக்காக நின்றன. தலைவி இதை வெளியே சொன்னதில்லை. சொன்னால் அடுத்த நாள் தெருவில் நடக்க வேண்டுமே. பாட்டி கேட்ட பிறகு ஒரு பையன், நம் காக்கா ஜோக்கு சொன்னவனேதான், கேள்வியை மாற்றிக் கேட்டான்: "எந்தெந்த பில்லு யார் கையெழுத்துக்கு, எந்தத் தேதியிலேர்ந்து நிக்குதுன்னு வாசிங்க." செயலர் வாசித்தார். துணைத் தலைவர் காலை இறக்கிக் கீழே வைத்தார்.

சம்பளம் மறுநாளே போனது.

9 அக்டோபர் 2023

"அப்படியானால் ஒடுக்கப்பட்ட சமூகத் தலைவரிடம் கணக்கே கேட்கக் கூடாதா?" என்று கோபமாக எழுதியிருக்கிறார் ஒருவர். கேட்க வேண்டும். எல்லோரிடமும் கேட்ட அதே குரலில், அவரையும் நாற்காலியில் உட்கார வைத்துக் கேட்க வேண்டும்.

இது எனக்குச் சின்ன விஷயமாகத் தெரியவில்லை. 2020 அக்டோபரில் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டையில் பட்டியலின ஊராட்சித் தலைவியைத் தரையில் உட்கார வைத்த படம் வெளிவந்தது. மற்றவர்கள் நாற்காலியில். மேலூர் பக்கம் மேலவளவில் தனித் தொகுதியில் வென்ற முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் 1997 ஜூன் 30 அன்று பேருந்தை மறித்து வெட்டினார்கள். ஆறு பேர் செத்தார்கள். ஊராட்சித் தலைவர் நாற்காலியில் உட்கார முயன்றதுதான் குற்றம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டகச்சியேந்தல் ஆகிய நான்கு ஊர்களில், தலைவர் பதவி பட்டியலினத்தவருக்கு ஒதுக்கப்பட்டதால், 1996 முதல் பத்தாண்டுகள் தேர்தலையே நடக்கவிடவில்லை. வேட்புமனு இருக்காது, இருந்தாலும் வென்றவர் உடனே ராஜினாமா செய்வார். 2006இல்தான் நடந்தது. 2021 அக்டோபர் 2 அன்று முதலமைச்சர் பாப்பாபட்டிக் கிராம சபையில் வந்து உட்கார்ந்தார் என்றால், அந்த இடத்துக்குப் பின்னால் இத்தனை இருக்கிறது.

பொறுப்புக் கேட்பதும் சமூக நீதியும் இரண்டு தனி வேலை, முதலில் ஊழலை ஒழிப்போம், சாதியைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று இளைஞர் கூட்டங்களில் பேசுகிறார்கள். எங்கள் நோட்டில் இரண்டும் ஒரே பக்கத்தில்தான் இருந்தன.

10 அக்டோபர் 2023

விட்டுப்போனது. கூட்டம் எங்கே நடக்கிறது என்று பாருங்கள். குக்கிராமங்களில் சுழற்சி முறையில் நடத்த வேண்டும், வழிபாட்டுத் தலத்தில் நடத்தக் கூடாது என்பது விதி. கோயில் மண்டபத்தில் கூட்டம் போட்டுவிட்டு, "காலனி ஆட்கள் வருவதே இல்லை" என்பவர்கள் உண்டு.

2 நவம்பர் 2023

நேற்று உள்ளாட்சி தினக் கூட்டம். முன்பு ஆண்டுக்கு நான்குதான் கட்டாயம்: ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2. 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 இரண்டும் சேர்ந்தன. ஆண்டுக்கு ஆறு கூட்டம் என்பது நல்ல இடைவெளி. ஒரு கூட்டத்தில் கேட்டதை அடுத்த கூட்டத்தில் "என்ன ஆச்சு?" என்று கேட்கலாம். போன கூட்டத் தீர்மானங்களின் நிலையை முதலில் வாசிக்க வைத்தோம். பாதி நிலுவை. பாதி நிலுவை என்று ஊருக்கே தெரிந்திருப்பதும் ஒரு முன்னேற்றம்.

சபையில் கணக்கை உரக்க வாசிக்கும் யோசனை யாருடையது என்று கேட்டார் ஒருவர். இதை ஊன்றியவர்கள் ராஜஸ்தான் கூலி வேலைக்காரர்கள். அவர்களுடைய அமைப்பான மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் 1990 மே 1 அன்று தொடங்கியது. வறட்சி நிவாரண வேலைக்குக் குறைந்தபட்சக் கூலி கொடுக்காமல், "வேலை செய்ததாகப் பதிவில் இல்லை" என்றார்கள். அப்படியானால் பதிவைக் காட்டு என்றார்கள் கூலிக்காரர்கள். தகவல் உரிமையே அங்கிருந்துதான் வந்தது. 1994 டிசம்பரில் கோட் கிரானா என்ற ஊரில் முதல் மக்கள் விசாரணை. வருகைப் பட்டியலைப் பந்தலில் உரக்க வாசித்தார்கள். பட்டியலில் இருந்த பெயருக்கு உரியவர்கள் கூட்டத்திலேயே எழுந்து, "நான் அந்த வேலைக்கே போகலை" என்றார்கள். 1996இல் தகவல் உரிமை கேட்டு பியாவரில் 40 நாள் தர்ணா. 2005இல் நாடு முழுவதற்கும் தகவல் உரிமைச் சட்டம்.

தமிழ்நாடு 1997லேயே தகவல் சட்டம் போட்ட முதல் மாநிலம். ஆனால் அது விதிவிலக்குகளால் நிரம்பிய சட்டம், கீழிருந்து கேட்டு வாங்கியதும் அல்ல. ராஜஸ்தானில் எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கேட்டு வாங்கியதைத்தான் படித்த நாம் பயன்படுத்தாமல் வைத்திருக்கிறோம்.

நூறு நாள் வேலைச் சட்டத்தின் 17ஆவது பிரிவில், மக்களே கணக்கைச் சரிபார்க்கும் சமூகத் தணிக்கை கிராம சபையின் பொறுப்பாகவே எழுதப்பட்டது. வேலை அட்டை வைத்திருக்கும் குடும்பத்துப் படித்த பிள்ளைகளை எடுத்துப் பயிற்சி கொடுத்து, வீடு வீடாக அனுப்புகிறார்கள். கண்டதைச் சிறப்புக் கிராம சபையில் வாசிக்க வேண்டும். அந்த நாளில் யாரும் போவதில்லை. போங்கள். உங்கள் வயதுப் பெண் ஒருத்தி நடுங்கிக்கொண்டு அறிக்கை வாசிப்பாள். பின்னால் நாலு பேர் இருந்தால் குரல் நிற்கும்.

28 ஜனவரி 2024

இளைஞர் குழு பாதியாகிவிட்டது. இரண்டு பேர் திருப்பூர், ஒருவர் ஓசூர், ஒரு பெண்ணுக்குக் கல்யாணம். இது எல்லா ஊரிலும் நடப்பது, யாரையும் குறை சொல்ல முடியாது. நோட்டும் நகல்களும் ஒருவர் வீட்டில் இருந்தால் அவரோடு போய்விடும். எங்களுடையது மகளிர் குழுப் பெட்டியில் இருக்கிறது. பிள்ளைகள் போய்வரட்டும், குழு ஊரிலேயே இருக்கும்.

17 ஆகஸ்ட் 2024

மேலே ஒருவர், "கிராம சபைத் தீர்மானம் நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், எந்தத் திட்டத்தையும் நிறுத்தும்" என்று எழுதி, அதைப் பலர் பகிர்ந்திருக்கிறீர்கள். அப்படிச் சொல்லாதீர்கள், நம்பிப் போனவர்கள் உடைந்துபோவார்கள்.

ஒடிசாவின் நியம்கிரியில் 2013இல் 12 கிராம சபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் நின்றது. அங்கே 2006 வன உரிமைச் சட்டம் இருந்தது, மலை வழிபாடு உட்பட அந்த மக்களின் உரிமையை அவர்களே சபையில் முடிவு செய்யட்டும் என்ற உச்ச நீதிமன்ற உத்தரவும் இருந்தது. பரந்தூர் விமான நிலையத்துக்கு எதிராக ஏகனாபுரம் 2022 ஆகஸ்ட் 15 முதல் மீண்டும் மீண்டும் தீர்மானம் போடுகிறது, திட்டம் கைவிடப்படவில்லை. இரண்டு ஊரும் உறுதியில் குறைந்தவை அல்ல. பின்னால் நிற்கும் சட்டம் வேறு.

அதற்காகத் தீர்மானம் வெறும் தாள் என்று போய்விடாதீர்கள். ஊர் என்ன சொன்னது என்பதற்கு அரசு நோட்டிலேயே இருக்கும் சான்று அது ஒன்றுதான்.

25 நவம்பர் 2024

நவம்பர் 1 கூட்டம் தீபாவளியால் 23ஆம் தேதிக்குத் தள்ளிப்போனது. இந்த இடைவெளியில்தான், நவம்பர் 7 அன்று, மேலூர் அரிட்டாபட்டிப் பக்கம் டங்ஸ்டன் சுரங்க ஏலம் இந்துஸ்தான் ஜிங்குக்குப் போன செய்தி வந்தது. சுமார் 2,015 ஹெக்டேர். அரிட்டாபட்டி 2022இல் அறிவிக்கப்பட்ட, தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம். 23ஆம் தேதி அந்தப் பகுதிச் சபைகளில் எதிர்ப்புத் தீர்மானம் போட்டிருக்கிறார்கள்.

எனக்கு மேலவளவு நினைவு வராமல் இல்லை. அதே மேலூர் வட்டம். நிலத்துக்கு ஆபத்து என்றதும் ஊர் ஒன்றாக உட்கார்கிறது. அந்த ஒற்றுமை, யார் தலைவர் நாற்காலியில் உட்கார்வது என்ற கேள்வியிலும் நிற்குமா என்று அங்குள்ள இளைஞர்களிடம் கேட்க ஆசை. பழி சொல்வதற்காக இல்லை, நிற்க வேண்டும் என்ற ஆசையில்.

8 ஜனவரி 2025

5ஆம் தேதியோடு 28 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சிப் பதவிக்காலம் முடிந்தது. தேர்தல் இல்லை, தலைவர் இடத்தில் அரசு நியமித்த தனி அலுவலர். 2016இலும் இப்படித்தான் ஆரம்பித்தது, ஆறு ஆறு மாதமாக நீட்டி 2019 டிசம்பர் வரை போனது. பதவிக்காலம் முடியும் முன்பே தேர்தல் முடிய வேண்டும் என்று அரசியலமைப்பின் 243இ சொல்கிறது. நல்ல தலைவர், கெட்ட தலைவர் என்று இந்த இழை தொடங்கியது. இப்போது தலைவரே இல்லை.

எங்கள் முன்னாள் தலைவி நேற்று மையத்துக்கு வந்தார், தன் காலத்து வரவு செலவு முழுவதையும் நகலெடுத்து வைத்துக்கொள்ள. "நாளைக்கு யாரும் வந்து கேட்டா காட்டணும்" என்றார். எந்தத் தலைவரும் எங்கள் ஊரில் இதுவரை அப்படிச் செய்ததில்லை.

24 ஜனவரி 2025

டங்ஸ்டன் ஏலத்தை மத்திய அரசு நேற்று ரத்து செய்துவிட்டது. தீர்மானம் மட்டும் செய்ததல்ல. 7ஆம் தேதி மேலூர்ப் பக்கமிருந்து மதுரை வரை ஆயிரக்கணக்கானோர் நடந்தார்கள், அதற்கு முன் டிசம்பர் 9 அன்று சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. ஆனால் நடந்தவர்களிடம் காட்டுவதற்கு ஊர்க் கையெழுத்தோடு நோட்டு இருந்தது.

முதல் கேள்வி கேட்ட தம்பிக்கு: உங்கள் ஊரிலும் இப்போது தனி அலுவலர்தான் என்று எழுதியிருக்கிறீர்கள், இனி யாரிடம் கேட்பது என்கிறீர்கள். கிராம சபை கலையவில்லை. உறுப்பினர்கள் வாக்காளர்கள், அவர்களுக்குப் பதவிக்காலம் இல்லை. நாளை மறுநாள் கூட்டம். மூன்று கேள்வி எடுத்துப் போங்கள். 5ஆம் தேதி நிலவரப்படி ஒவ்வொரு கணக்கிலும் இருப்பு எவ்வளவு? அதற்குப் பிறகு யார் கையெழுத்தில் பணம் எடுக்கப்படுகிறது? உள்ளாட்சித் தேர்தலை உடனே நடத்தக் கோரும் தீர்மானத்தை எழுதிக்கொள்வீர்களா? மூன்றாவதைத் தட்டிக்கழிப்பார்கள். பற்றாளரிடம் எழுத்தில் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்குக் கையெழுத்து வாங்குங்கள். காலனியிலிருந்து இரண்டு பேராவது உங்களோடு முன்வரிசையில் உட்கார்ந்திருக்கட்டும், நாற்காலியில்.